சாந்தா ஆனா கல்லூரியின் கலை வரலாற்று ஆசிரியை

வித்வான்களை மதிப்பிடும்போது, அவர்கள் எழுதியதைப் படித்துப் பார்ப்பதற்கு முன்பே, அவர்கள் எந்த ஸ்தாபனத்தில் உத்தியோகம் பார்த்தார்கள் என்று விசாரிப்பது உலகம் முழுவதிலும் வழக்கமாகிவிட்டது. பெரிய சர்வகலாசாலையின் பெயர் ஒருவருடைய பெயரோடு சேர்ந்து வந்தால், அவர் சொல்வது பாதிக்குமேல் அப்போதே ஏற்கப்பட்டுவிடுகிறது. இரண்டு வருஷப் படிப்போடு நின்றுவிடும் ஊர்க் கல்லூரி ஒன்றின் பெயர் சேர்ந்து வந்தாலோ, முழுவதையும் படித்து முடித்த பிறகும், 'இவ்வளவும் இவருக்கு எப்படித் தெரிந்தது?' என்ற சந்தேகம் படிப்பவர் மனத்தில் எஞ்சி நிற்கிறது. ஆனால் மெக்ஸிகோவின் நவீன ஓவியத்தைப் பற்றியும், அமெரிக்க மண்ணிலேயே பிறந்து வளர்ந்த மெக்ஸிகோ வம்சத்தவராகிய சிகானோ மக்களின் கலையைப் பற்றியும் இன்று யார் ஆராயத் தொடங்கினாலும், அவர் தவறாமல் எடுத்துப் புரட்ட வேண்டிய நூல்களை எழுதியவர், கலிஃபோர்னியா மாநிலத்தின் ஆரஞ்சு மாவட்டத்தில், சாந்தா ஆனா கல்லூரி என்ற சமுதாயக் கல்லூரியில் 21 வருஷங்கள் கலை வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற ஷிஃப்ரா கோல்ட்மன் என்ற அம்மையார். அவர் இத்தகைய கல்லூரியில் இருந்தும் இவ்வளவு சாதித்தார் என்று வியப்பவர்கள் உண்டு. இத்தகைய கல்லூரியில் இருந்ததனாலேயே இவ்வளவும் சாத்தியமாயிற்று என்பது என் அபிப்பிராயம். அதை விளக்குவதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சமுதாயக் கல்லூரி என்ற பெயர் நமக்கும் புதிதன்று. 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அப்பெயரில் ஒரு கல்லூரியைத் தொடங்கியது முதல், தமிழ்நாட்டிலும் பல இடங்களில் தொழிற்பயிற்சிக்கென அத்தகைய நிலையங்கள் தோன்றியிருக்கின்றன. அவற்றுக்கு முன்மாதிரி அமெரிக்காவில் இருக்கிறது. 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில், உயர்நிலைப் பள்ளியை முடித்த பிள்ளைகள் ஊரை விட்டுப் போகாமலே கல்லூரிப் படிப்பின் முதல் இரண்டு வருஷங்களைப் படிக்கட்டும் என்ற எண்ணத்தில் தொடங்கிய சிறு ஏற்பாடுதான் இந்த விருட்சத்துக்கு வித்து. சாந்தா ஆனா கல்லூரியும் அப்படியே, 1915-இல், ஓர் உயர்நிலைப் பள்ளியின் அங்கமாக, 26 மாணவர்களோடு ஆரம்பமாயிற்று. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த உயர்கல்விக் குழு 1947-இல் தன் அறிக்கையைக் கொடுத்தபோது, இத்தகைய கல்லூரிகள் நாடெங்கும் பெருக வேண்டும் என்று வற்புறுத்தியது. 1960-இல் கலிஃபோர்னியா மாநிலம் வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டமோ, படிப்பினால் பயனடையக்கூடிய எவருக்கும் இக்கல்லூரிகளின் கதவு திறந்திருக்க வேண்டும் என்று விதித்தது. 1984-ஆம் வருஷம் வரையில் அம்மாநிலத்துச் சமுதாயக் கல்லூரிகளில் போதனைக் கட்டணமே கிடையாது. ஆகவே பகலெல்லாம் தொழிற்சாலையில் நின்றுவிட்டு மாலையில் வருபவர்கள், குழந்தைகளைத் தாயிடம் விட்டுவிட்டு வரும் இளம்பெண்கள், யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்கள், தம் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள் ஆகிய எல்லாரும் ஒரே வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

இப்படிப்பட்ட வகுப்பில் கலை வரலாறு கற்பிப்பது எத்தகைய காரியம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆராய்ச்சிச் சர்வகலாசாலையின் பேராசிரியர் ஒரு பருவத்தில் இரண்டு பாடங்கள் நடத்தினால் போதும்; மீதிப் பொழுது ஆராய்ச்சிக்கு உரியது. சமுதாயக் கல்லூரியின் முழுநேர ஆசிரியருக்கோ வாரத்துக்குப் பதினைந்து மணி நேர விரிவுரை, அதாவது ஒரு பருவத்துக்கு ஐந்து வகுப்புகள், சாதாரண விதி. விடைத்தாள் திருத்த உதவும் ஆராய்ச்சி மாணவர்கள் அங்கே கிடையாது. பெரும்பாலான வகுப்புகள், குகைச் சித்திரத்தில் தொடங்கி எகிப்து, கிரேக்கம், ரோமாபுரி, மத்தியகாலம், மறுமலர்ச்சிக் காலம் என்று ஓடி இருபதாம் நூற்றாண்டில் வந்து சேர்கிற அறிமுகப் பாடமே. இரண்டு பருவங்களில் உலகத்தின் கலையையெல்லாம் காட்டி முடித்தாக வேண்டும்.

கணினி வராத அந்நாட்களில் காட்டுவதற்கு இருந்த சாதனம் ஸ்லைடு. இரண்டு அங்குலச் சதுரச் சட்டத்துக்குள் செருகிய முப்பத்தைந்து மில்லிமீட்டர் வண்ணப் படச்சுருளின் துண்டுகள் எண்பதை ஒரு வட்டத் தட்டில் வரிசையாக அடுக்கி, கோடாக் கம்பெனி 1961-இல் வெளியிட்ட கரோசல் என்ற புரொஜக்டரின் தலையில் அத்தட்டைப் பொருத்தி, அறையை இருட்டாக்கி, பொத்தானை அழுத்தினால், தட்டு ஒரு பல் நகர்ந்து 'க்ளக்' என்ற ஓசையோடு அடுத்த படம் திரையில் விழும். கலை வரலாற்று ஆசிரியர்கள் இரண்டு புரொஜக்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு படங்களை ஒருசேரக் காட்டுவார்கள். ஒப்புநோக்கிக் காண்பதே காண்பது என்பது ஸ்விட்ஸர்லாந்து அறிஞர் வோல்ஃப்லின் காலத்திலிருந்து இத்துறையின் சம்பிரதாயம். ரபேலின் மடோன்னாவும் மிக்கேலாஞ்சலோவின் தீர்க்கதரிசியும் வேண்டுமென்றால், ஸ்லைடு விற்கும் கம்பெனிகளுக்குப் பணம் அனுப்பி வரவழைத்துக்கொள்ளலாம். ஆனால் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் வீட்டுவசதிக் குடியிருப்பு ஒன்றின் சுவரில் ஊர்ப் பிள்ளைகள் எழுதிய சித்திரத்தின் ஸ்லைடை எந்தக் கம்பெனியும் விற்கவில்லை. அதைக் காட்ட விரும்பும் ஆசிரியர் தாமே காமிராவை எடுத்துக்கொண்டு போய், வெயில் சரியாக விழும் நேரம் பார்த்து நின்று, படம் பிடித்து, கழுவி, சட்டமிட்டு, ஓவியர் பெயரையும் தெருவின் பெயரையும் சட்டத்தின் ஓரத்தில் எழுதிவைக்க வேண்டும். சில வருஷங்களில் அந்தச் சுவரே இடிக்கப்பட்டோ வெள்ளையடிக்கப்பட்டோ போய்விட்டால், ஆசிரியரின் அலமாரியிலுள்ள அந்தச் சிறு சட்டமே அச்சித்திரம் இருந்ததற்குச் சாட்சியாக மிஞ்சும்.

பாடப் புத்தகத்திலிருந்தும் உதவி கிடைக்காது. அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு தலைமுறை முழுவதும் வேதம்போல் பயின்ற, ஜான்ஸன் எழுதிய 'கலையின் வரலாறு' என்ற பெருநூலின் 1962-ஆம் வருஷத்து முதற்பதிப்பில், ஒரு பெண் கலைஞரின் படைப்புக்கூட இடம்பெறவில்லை. உலகின் சரிபாதியையே அப்படி மறந்த நூலில், லாஸ் ஏஞ்சலஸில் வாழ்ந்த மெக்ஸிகோ வம்சத்தவருக்கு இடம் இருந்திருக்குமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் மாணவனுடைய பாட்டன் வந்த தேசத்தில், ரிவேரா, ஒரோஸ்கோ, சிகெய்ரோஸ் என்ற மூவர், இருபதாம் நூற்றாண்டின் மகத்தான சுவரோவியங்களைப் படைத்திருக்கிறார்கள் என்பதை அந்த மாணவனே அறியாமல், கிரேக்கத் தூண்களின் மூன்று வகைகளை மாத்திரம் மனப்பாடம் செய்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினான். இந்த அநியாயத்தை ஒரு ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் சர்வகலாசாலையின் அமைதியான நூலகத்தில் உதிப்பதைவிட, அப்படிப்பட்ட மாணவர் முப்பது பேரை நாள்தோறும் நேருக்கு நேர் பார்க்கிற ஆசிரியரின் மனத்தில் உதிப்பதுதான் இயல்பு.

கோல்ட்மன் அம்மையார் மெக்ஸிகோ வம்சத்தவர் அல்லர். 1926-இல் நியூயார்க் நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்து, பின்னர் லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து, கலிஃபோர்னியாச் சர்வகலாசாலையின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஓவியம் பயிலச் சேர்ந்தார். யுத்தத்திலிருந்து திரும்பிப் படிக்க வந்த கறுப்பினச் சிப்பாய்களுக்கு முடிவெட்ட மறுத்த நாவிதக் கடைகளை எதிர்த்து மாணவர்கள் நடத்திய பகிஷ்காரத்தில் அவரும் ஈடுபட்டார். படிப்பை முடிக்காமலே வெளியேறி, கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் மெக்ஸிகோ மக்களிடையே வசித்து, போலீஸ் அடக்குமுறையையும் நாடுகடத்தலையும் எதிர்க்கும் சிவில் உரிமைப் பணிகளில் உழைத்து, ஸ்பானிய மொழியை அம்மக்களோடு பழகியே கற்றுக்கொண்டார். சுமார் பதினைந்து வருஷங்களுக்குப் பிறகுதான் மறுபடியும் கல்லூரிக்குத் திரும்பினார். பிற்காலத்தில் அவர் எழுதிய எதிலும், ஓவியத்தைச் சட்டத்துக்குள் அடைத்துத் தனியே வைத்துப் பார்க்காமல், அதை எழுதியவன் என்ன கூலி வாங்கினான், எந்தத் தெருவில் குடியிருந்தான், அதை யார் பார்க்கக்கூடாதென்று யார் தடுத்தார்கள் என்றெல்லாம் கேட்கிற சுபாவம் இருப்பதற்கு அந்தப் பதினைந்து வருஷங்களே காரணம். படிப்பு தடைப்பட்ட காலம் என்று அதைச் சொல்வது தவறு. ஆராய்ச்சிக்கு அஸ்திவாரம் இட்ட காலம் அதுவே.

முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் நவீன மெக்ஸிகோ ஓவியம். அக்காலத்தில் லத்தீன் அமெரிக்கக் கலை என்றால் ஆஸ்டெக், மாயா முதலிய பண்டைய நாகரிகங்களின் சிற்பத்தையும், ஸ்பானியர் ஆட்சிக்காலத்து மாதாகோயில்களையும் ஆராய்வதே கௌரவமாகக் கருதப்பட்டது. இருபதாம் நூற்றாண்டு மெக்ஸிகோவை ஆராய்வதை மேற்பார்வையாளர்கள் ஏற்கவில்லை. அவர் பொருளை மாற்றிக்கொள்ள மறுத்து, அதை ஏற்கக்கூடிய ஆசிரியர்கள் துறைக்கு வரும்வரையில் பல வருஷங்கள் காத்திருந்தார். 1977-இல் பட்டம் கிடைத்தபோது அவருக்கு வயது ஐம்பது கடந்திருந்தது. வேறு பொருளை எடுத்துக்கொண்டு பட்டத்தை முன்னதாகவே பெற்றிருந்தால் பெரிய சர்வகலாசாலை ஒன்றில் அவருக்கு இடம் கிடைத்திருக்கக்கூடும். அப்படி நேர்ந்திருந்தால் இந்தத் துறைக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய நஷ்டத்தை எண்ணிப் பார்க்கும்போது, அந்தக் காத்திருப்பு ஒரு தவம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த ஆராய்ச்சியிலிருந்து விளைந்த நூல் 1981-இல் டெக்ஸஸ் சர்வகலாசாலைப் பதிப்பகத்தின் மூலம் வெளிவந்தது. மூன்று பெரிய சுவரோவியர்களின் நிழலிலிருந்து விலகி நிற்க வேண்டும், அதேசமயம் மனிதனுடைய துயரத்தை மறந்துவிடவும் கூடாது என்று 1960-களில் முயன்ற மெக்ஸிகோ இளம் ஓவியர்களின் கதை அது.

ஆயினும், அவருடைய பெயரோடு என்றென்றும் பிணைந்து நிற்கப்போவது ஒரு சுவர். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் முதன்முதலில் தோன்றிய பழைய சதுக்கத்தை ஒட்டி ஓல்வேரா தெரு என்று ஒரு சிறு வீதி இருக்கிறது. 1930-இல் அதைச் செப்பனிட்டு, மெக்ஸிகோக் கிராமத்துச் சந்தைபோல் அலங்கரித்து, உல்லாசப் பிரயாணிகளுக்காகத் திறந்து வைத்தார்கள். மறுவருஷம் பிப்ரவரி மாதம், அந்த வீதிக்கு எதிரேயுள்ள சதுக்கத்தின் வாசல்களையெல்லாம் அதிகாரிகள் அடைத்துக்கொண்டு, அங்கே உட்கார்ந்திருந்த மெக்ஸிகோ ஜனங்களை வளைத்துப் பிடித்து, தேசத்தில் இருப்பதற்கான அத்தாட்சி எங்கே என்று விசாரித்தார்கள். பொருளாதார மந்தத்தால் வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியிருந்த காலம். ஆயிரக்கணக்கான மெக்ஸிகோக் குடும்பங்கள், அமெரிக்காவிலேயே பிறந்த குழந்தைகள் உட்பட, ரயிலேற்றித் தெற்கே அனுப்பப்பட்டார்கள். வீதியில் மெக்ஸிகோ வேஷத்தை ரசித்துக்கொண்டே, வீதிக்கு வெளியே மெக்ஸிகோக்காரனைத் துரத்திய காலம் அது.

1932-இல் மெக்ஸிகோவின் சுவரோவியர் டேவிட் அல்ஃபாரோ சிகெய்ரோஸ் அந்நகரத்துக்கு வந்திருந்தார். ஓல்வேரா தெருவில் இத்தாலிய மண்டபம் என்ற கட்டடத்தின் மாடிப்புறச் சுவரில், 'வெப்பமண்டல அமெரிக்கா' என்ற தலைப்பில், சுமார் பதினெட்டு அடி உயரமும் எண்பது அடி நீளமும் கொண்ட சித்திரம் ஒன்று எழுதித்தரும்படி அவரைக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டவர்கள் மனத்தில் இருந்தது ஈச்ச மரங்களும் கிளிகளும் சந்தோஷமாக ஆடிப்பாடும் மனிதர்களும்தான். சிகெய்ரோஸும் அவருடைய உதவியாளர்களும் ஈர சிமெண்டின்மீது, வர்ணம் தெளிக்கும் துப்பாக்கிகளைக் கொண்டு வேகமாக வேலை செய்து, அடர்ந்த காட்டையும், வேர்கள் முறுக்கி ஏறிய மரங்களையும், சிதிலமடைந்த மாயா ஆலயத்தையும் எழுதினார்கள். நடுவே மாத்திரம் சுவர் வெறுமையாகக் கிடந்தது. திறப்பு விழாவுக்கு முந்திய இரவு, உதவியாளர்களை அனுப்பிவிட்டு, சிகெய்ரோஸ் தனியாகச் சாரத்தில் ஏறி அந்த வெற்றிடத்தை நிரப்பினார். அக்டோபர் 9-ஆம் தேதி வந்து கூடியவர்கள் கண்டது, இரட்டைச் சிலுவையில் அறையப்பட்டுத் தலை தொங்கிக் கிடக்கும் பழங்குடி மனிதன் ஒருவனையும், அவன் தலைக்கு மேல் சிறகு விரித்து உட்கார்ந்திருக்கும் அமெரிக்கக் கழுகையும், வலதுபுறத்து மாடத்தில் பதுங்கி அந்தக் கழுகைக் குறிவைக்கும் இரண்டு துப்பாக்கிக்காரர்களையும். தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரிந்த பகுதியை விரைவிலேயே வெள்ளையடித்து மறைத்தார்கள். சில வருஷங்களில் மீதியும் மறைந்தது. சிகெய்ரோஸுக்கு அமெரிக்காவில் தங்கும் அனுமதி நீட்டிக்கப்படவில்லை.

முப்பது வருஷங்களுக்கு மேல் மழையும் வெயிலும் பட்டு, அந்த வெள்ளைப் பூச்சு மெல்ல உதிரத் தொடங்கியது. 1960-களின் இறுதியில் சிலுவையின் உருவம் சுவரில் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தபோது, அது இன்னதென்று உணர்ந்து, அதைக் காப்பாற்ற வேண்டும் என்று இயக்கம் தொடங்கியவர் கோல்ட்மன் அம்மையார். அவரிடம் பதவியின் செல்வாக்கும் கிடையாது, பணமும் கிடையாது. இந்தக் காரியத்துக்குக் கல்லூரி ஊதியம் தருவதில்லை. வகுப்பு முடிந்த பிறகு கடிதம் எழுத வேண்டும், அதிகாரிகளைப் பார்க்க வேண்டும், கூட்டங்களில் பேச வேண்டும். மெக்ஸிகோவிலிருந்து ஹோசஃபீனா கெஸாடா, ஹைமே மெஹியா என்ற இரண்டு ஓவியப் பாதுகாப்பு நிபுணர்களை 1971-இல் வரவழைத்துச் சுவரைப் பரிசோதிக்கச் செய்தார். பழைய வர்ணத்தை மீட்க இயலாது, ஆனால் எஞ்சியிருப்பதை மேலும் அழியாமல் காக்கலாம் என்பது அவர்களுடைய முடிவு. அதே வருஷத்தில், ஹெசூஸ் சால்வதோர் த்ரெவீன்யோ என்ற இளம் சிகானோ இயக்குநர், அந்தச் சுவரைப் பற்றித் தொலைக்காட்சிக்காக ஓர் ஆவணப் படம் எடுத்தார். முதியவரான சிகெய்ரோஸ் தம் சித்திரத்தின் நடுப்பகுதியைப் புதிதாக எழுதித்தர முன்வந்தார். அது நிறைவேறுவதற்குள் 1974 ஜனவரியில் காலமானார். அந்த வருஷமே, அவர் லாஸ் ஏஞ்சலஸில் எழுதிய மூன்று சுவரோவியங்களையும் பற்றிக் கோல்ட்மன் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை கலை வரலாற்றாசிரியர்களின் முக்கியமான சஞ்சிகை ஒன்றில் வெளியாயிற்று.

இதற்குள் நகரத்தின் கிழக்குப் பகுதியில், எஸ்ட்ராடா கோர்ட்ஸ் போன்ற குடியிருப்புகளின் சுவர்களெல்லாம் இளம் ஓவியர்களின் சித்திரங்களால் நிறைந்துகொண்டிருந்தன. தங்கள் ஊரிலேயே, தங்களுக்கு நாற்பது வருஷங்களுக்கு முன்னால், ஒரு பெரும் கலைஞன் தங்களைப் போன்றவனைச் சுவரில் எழுதி அதற்காக மறைக்கப்பட்டான் என்ற செய்தி அவர்களுக்கு எத்தகைய பலத்தைக் கொடுத்திருக்கும்! தாங்கள் வேரில்லாமல் முளைத்தவர்கள் அல்லர் என்பதற்கு அந்த வெள்ளைச் சுவரே ஆதாரமாயிற்று. ஒரு கலை வரலாற்று ஆசிரியர் சமூகத்துக்குச் செய்யக்கூடிய சேவைகளில் இதைவிடப் பெரியது ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

1988-இல் கெட்டி என்ற பெயருடைய கலைப் பாதுகாப்பு நிறுவனம் நகரத்தோடு சேர்ந்து சிகெய்ரோஸின் சுவரைக் காக்கும் வேலையில் இறங்கியது. ஆராய்ச்சி, நிதி, கட்டட அனுமதி, பூகம்ப அபாயம் என்று தடைமேல் தடை வந்தது. சுவரைக் காக்கும் கூரையும், பார்ப்பதற்கான மேடையும், அதன் கதையைச் சொல்லும் காட்சிக்கூடமும் தயாராகி, திறப்பு விழாவின் எண்பதாவது ஆண்டு நிறைவு நாளாகிய 2012 அக்டோபர் 9-ஆம் தேதியன்று சித்திரம் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. அதற்குப் பதின்மூன்று மாதங்களுக்கு முன்பு, 2011 செப்டம்பர் 11-ஆம் தேதி, கோல்ட்மன் அம்மையார் காலமாகிவிட்டார்.

சுவரைப் பற்றிப் பேசுவோர் அவருடைய மற்றொரு பெரும் உழைப்பை மறந்துவிடுகிறார்கள். தோமஸ் இபார்ரா ஃப்ராஸ்டோ என்ற அறிஞரோடு சேர்ந்து அவர் தயாரித்து 1985-இல் வெளியான 'ஆர்ட்டே சிகானோ' என்ற நூற்பட்டியல், 1965 முதல் 1981 வரையில் சிகானோக் கலையைப் பற்றி எழுதப்பட்டவற்றைத் தேடித் திரட்டிக் குறிப்புகளோடு வகைப்படுத்தியது. நூற்பட்டியல் என்றால் சிலர் அலட்சியமாகச் சிரிப்பார்கள். நம் நாட்டிலும் அப்படியே. ஆனால் ஒரு சமூகத்தின் கலையைப் பற்றிய எழுத்தெல்லாம், ஒரு தடவை அச்சாகி நின்றுபோன சிற்றிதழ்களிலும், கண்காட்சி நோட்டீஸ்களிலும், ஊர்ப் பத்திரிகைகளின் நாலாம் பக்கத்திலும் சிதறிக் கிடக்கும்போது, அவற்றை வீடுவீடாகத் தேடிப் படித்து, எது எங்கே கிடைக்கும் என்று குறித்து வைப்பவரே அத்துறைக்குத் தந்தையும் தாயும் ஆகிறார். பின்னால் வந்தவர்கள் எழுதிய அழகான நூல்களெல்லாம் அந்தப் பட்டியலின்மேல் நின்றே எழுதப்பட்டவை. 1994-இல் சிக்காகோ சர்வகலாசாலை வெளியிட்ட 'அமெரிக்காக்களின் பரிமாணங்கள்' என்ற அவருடைய கட்டுரைத் தொகுப்பில், லத்தீன் அமெரிக்காவின் கலையும் வட அமெரிக்காவிலுள்ள லத்தீன் மக்களின் கலையும் ஒரே சரித்திரத்தின் இரு கிளைகளாகக் காட்டப்படுகின்றன. அவருடைய தீர்ப்புகள் எல்லாவற்றையும் நான் ஏற்பதில்லை. சமூகத்தின் போராட்டத்தை நேரடியாகப் பேசும் சித்திரத்திடம் அவருக்கு இருந்த பரிவு, கோட்டையும் வர்ணத்தையும் தவிர வேறு எதையும் பேச விரும்பாத ஓவியரிடம் அவ்வளவாக இருந்ததில்லை. ஆனால் தம் பட்சபாதத்தை அவர் ஒளித்ததே இல்லை. நடுநிலை என்ற போர்வைக்குள் அதை மறைத்துக்கொண்ட பேராசிரியர் பலரைக் காட்டிலும் அவரோடு வாதாடுவது சுலபம்.

கோல்ட்மன் ஒருவரே இப்படி என்று எண்ணிவிடலாகாது. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் கல்லூரி என்பது 1945-இல் ஓர் உயர்நிலைப் பள்ளியின் வளாகத்தில் தொடங்கிய சமுதாயக் கல்லூரி. திகில் படங்களில் நடித்துப் பிரசித்தி பெற்ற வின்சென்ட் பிரைஸ், தாமே கலை வரலாறு படித்தவராகையால், அந்தக் கல்லூரி மாணவர்களுக்கு அசல் கலைப்பொருள்களைக் கண்ணால் காணும் வாய்ப்பே இல்லை என்பதை உணர்ந்து, தம் மனைவியோடு சேர்ந்து தம் சேகரத்திலிருந்து 90 பொருள்களை 1957-இல் அதற்கு வழங்கினார். காலப்போக்கில் அவர் கொடுத்தவை இரண்டாயிரம் வரையில் பெருகின. அங்கே சிகானோக் கலையைக் கற்பித்து ஓய்வுபெற்ற சிபில் வெனேகஸ் என்ற கலை வரலாற்று அறிஞர், 1980-களில் தம் வகுப்புக்கு வந்த லாரா அகிலார் என்ற பெண்ணுக்கு வழிகாட்டியாகவும் தோழியாகவும் அமைந்தார். செவியால் கேட்டதை மனத்தில் வாங்கிக்கொள்வதில் சிரமமுடையவர் அகிலார். பேச்சுக்குப் பதிலாகப் புகைப்படத்தைத் தம் மொழியாக்கிக்கொண்டார். 1993-இல் அவர் எடுத்துக்கொண்ட தம்முடைய படம் ஒன்றில், ஓவியக் காட்சிக்கூடத்தின் பெயர்ப்பலகைக்குக் கீழே, உள்ளே பிரவேசிக்க வழி கிடைத்தால் வேலை செய்யத் தயார் என்று தம் கையாலேயே எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்கிறார். எழுத்துப் பிழையைத் திருத்தாமலே விட்டிருக்கிறார். 2017-இல், கெட்டி அறநிலையத்தின் ஆதரவோடு தென் கலிஃபோர்னியா முழுவதும் லத்தீன் அமெரிக்கக் கலைக் காட்சிகள் நடந்தபோது, வெனேகஸ் தம் பழைய மாணவியின் வாழ்நாள் படைப்புகளை ஒன்றுதிரட்டி, அதே கல்லூரியிலுள்ள வின்சென்ட் பிரைஸ் கலை அருங்காட்சியகத்தில் வைத்தார். அடுத்த வருஷம் ஏப்ரலில் அகிலார் மறைந்தார். அந்தக் கண்காட்சி அதன்பின் மயாமிக்கும், சிக்காகோவுக்கும், நியூயார்க்குக்கும் சென்றது. மாணவி அட்டை பிடித்துக்கொண்டு நின்ற வாசலை ஆசிரியை திறந்துவிட்டார்.

இத்தகைய வாழ்க்கைகள் இனியும் அமையுமா என்பதில்தான் எனக்குக் கவலை. ஒரே கல்லூரியில் இருபது, முப்பது வருஷங்கள் நிலையாக இருந்தால்தான் ஓர் ஊரின் கலையை ஆசிரியர் அறிய முடியும். அண்ணனுக்குக் கற்பித்துப் பிறகு தம்பிக்கும் கற்பிக்க முடியும். சுவர் ஒன்றுக்காக நாற்பது வருஷம் மன்றாட முடியும். கலிஃபோர்னியாவில் 1988-இல் இயற்றிய ஒரு சட்டம், சமுதாயக் கல்லூரிகளின் போதனையில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கை முழுநேர ஆசிரியர்களே நடத்த வேண்டும் என்ற லட்சியத்தை வகுத்தது. அந்த லட்சியம் ஏட்டிலேயே நிற்கிறது. ஆசிரியர்களில் பெரும்பாலோர் பருவத்துக்குப் பருவம் நியமனம் பெறும் பகுதிநேரத்தவர்; காலையில் ஒரு கல்லூரி, பிற்பகலில் முப்பது மைலுக்கு அப்பால் மற்றொன்று, இரவில் மூன்றாவது என்று நெடுஞ்சாலையில் காரோட்டியே அவர்களுடைய பொழுது கழிகிறது. மாணவன் பாடம் முடிந்தபின் சந்தேகம் கேட்க வந்தால் உட்கார்ந்து பேச அவர்களுக்கு ஓர் அறை கிடையாது. அடுத்த பருவம் வேலை உண்டா என்ற நிச்சயமும் கிடையாது. செலவைக் குறைத்ததாகக் கணக்கு எழுதுகிறவர்கள், கோல்ட்மன் போன்ற ஒருவர் உருவாவதற்கான நிலத்தையே தரிசாக்கிவிட்டோம் என்ற கணக்கை எந்தப் பத்தியில் எழுதப்போகிறார்கள்? வேலைக்கு உதவாத படிப்பு என்று கலை வரலாற்றைக் கழிக்க நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தொழில் கற்க வந்த ஏழைப் பிள்ளைக்குத் தொழில் மாத்திரம் போதும், சித்திரமும் சிற்பமும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு உரியவை என்ற தீர்மானத்தை அவர்களுக்கு யார் கொடுத்தது? நம் நாட்டுச் சமுதாயக் கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் வகுப்போரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களே.

கோல்ட்மன் அம்மையார் சேர்த்துவைத்த கடிதங்களும் குறிப்புகளும் படங்களும் இன்று கலிஃபோர்னியாச் சர்வகலாசாலையின் சாந்தா பார்பரா வளாகத்து ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. கலை வரலாற்றில் ஈடுபாடுள்ள நம் இளைஞர்களில் யாராவது அமெரிக்கா சென்று படிக்கும் வாய்ப்புப் பெற்றால், அந்தக் காப்பகத்துக்குப் போய் அவற்றைப் படித்து, அவருடைய வாழ்க்கையைத் தமிழில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தென் கலிஃபோர்னியாவில் குடியேறிய மகனையோ மகளையோ பார்த்துவரப் பயணப்படும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். லாஸ் ஏஞ்சலஸில் ஹாலிவுட்டையும் கடற்கரையையும் காட்ட உங்களை அழைத்துப் போவார்கள். ஒரு காலைப்பொழுதை ஓல்வேரா தெருவுக்கும் ஒதுக்கி, சிகெய்ரோஸின் சுவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். காட்சிக்கூடத்துக்குக் கட்டணம் கிடையாது.